முதல் கிழமைகளின் பொறுப்பு: தொழிற்சாலைக்குப் புதிதாகச் செல்வோரும் தீவகமும்

தொழிற்சாலையில் சேர்ந்த ஒரு பிள்ளை இரண்டு கிழமையில் வேலையை விட்டு வீடு திரும்பினால், ஊரில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் பொறுமை இல்லை." நிர்வாகம் சொல்லும் காரணமும் இதிலிருந்து அதிகம் விலகுவதில்லை. வெளிநாட்டுக் காசில் வளர்ந்தவர்கள், உடம்பு வளையாது என்பார்கள். இரண்டு பேச்சிலும் பழி புதிதாகப் போனவர் மீதே விழுகிறது. அவரை வரவேற்றது யார், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது யார், பழகுவதற்கு எத்தனை நாள் விட்டார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

புங்குடுதீவு மடத்துவெளி போன்ற ஊர்களுக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது. பெரிய தொழிற்சாலை எதுவும் இல்லாத யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து வேலைக்குப் போவது என்றால், பெரும்பாலும் ஊரை விட்டுப் போவதுதான். கொழும்புக் கடைகள், காங்கேசன்துறை, கட்டுநாயக்க, கிளிநொச்சி, நோர்வே, சுவிஸ், கனடா என்று தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் எங்கோ ஒரு வாசலில் புதியவராகப் போய் நின்றிருக்கிறார்கள். அந்த வாசல்களில் என்ன நடந்தது, அது பற்றிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன, இனி என்ன செய்யவேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புதிய தொழிலாளி நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பகுதி முதல் கிழமைகளில் அவருக்குக் கிடைக்கும் வரவேற்பையும் பயிற்சியையும் பொறுத்தது என்பதும், அந்தப் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கடையில் கற்ற தொழில்

தீவக மக்களுக்குத் தொழில் பழகிய முதல் இடம் கடை. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் பலசரக்குக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடத்தினார்கள். ஊரில் பள்ளிப்படிப்பு நின்ற பையனை ஒரு மாமாவோ சித்தப்பாவோ கடைக்குக் கூட்டிப்போவார். முதலில் கூட்டுவதும் கழுவுவதும். பிறகு பொட்டலம் கட்டுவது. பிறகு தராசு. சாமான் தெரிந்து, விலை தெரிந்து, வாடிக்கையாளரிடமிருந்து சிங்களமும் காதில் ஏறிய பின் கொப்பி எழுதுவது. நம்பிக்கை முற்றினால் கல்லாப்பெட்டி. அதற்கும் பிறகு, முதலாளியின் கைகொடுப்போடு தனிக்கடை.

இந்த முறையில் பெரிய நன்மைகள் இருந்தன. வருபவர் யாருடைய பிள்ளை என்று கடைக்குத் தெரியும். சாப்பாடும் படுக்கையும் முதல் இரவே உறுதி. வேலை படிப்படியாகக் கூடியது, ஒரு படி தெரியாமல் அடுத்த படி இல்லை. பத்து வருடத்துக்குப் பிறகு தான் எங்கே நிற்கலாம் என்பதைப் பையன் தன் கண்ணாலேயே கண்டான்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. விளையாடும் வயதில் பிள்ளைகள் உழைத்தார்கள். வேலை நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. சம்பளம் பல இடங்களில் முதலாளியின் மனதைப் பொறுத்தது. சொந்தக்காரர் என்பதால் முறைப்பாடு செய்ய வழியும் இல்லை. பெண்களுக்கு இந்த வாசல் திறக்கவேயில்லை. 1983 ஆம் ஆண்டின் வன்செயல் தென்னிலங்கைக் கடைகளை எரித்தபோது இந்தப் பயிற்சிக்கூடமும் பெருமளவில் அழிந்தது. ஆனாலும் படிப்படியான ஏற்றம், பக்கத்தில் நிற்கும் ஆசான், கண்ணுக்குத் தெரியும் எதிர்காலம் ஆகிய மூன்றும் எந்தத் தொழிற்சாலையும் கற்றுக்கொள்ள வேண்டியவை.

வடக்கின் தொழிற்சாலைகளும் அறுந்த சங்கிலியும்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே பத்தாண்டில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை வந்தது. தீவகத்துக்கு இன்னும் கிட்டிய எடுத்துக்காட்டு காரைநகர் சீநோர். குருநகரில் பிறந்து 1956 இல் நோர்வே சென்ற அந்தோனி இராஜேந்திரத்தின் முயற்சியாலும் நோர்வே மக்களின் நிதியுதவியாலும் 1967 இல் உருவான திட்டம் அது. மீன்பிடிப் படகு கட்டும் தளம் காரைநகரில் அமைந்தது.

அத்தகைய தளத்தில் கண்ணாடி நார்ப் படகு கட்டுவது புத்தகம் பார்த்துப் பழகும் வேலையல்ல. அச்சில் நார்விரிப்பை எப்படிப் படியவைப்பது, பிசினை எந்த அளவில் கலப்பது, வெயில் ஏறும்போது அது எவ்வளவு விரைவில் இறுகும், உள்ளே காற்றுக்குமிழ் நின்றால் உருளையால் எப்படி வெளியேற்றுவது என்பதெல்லாம் தெரிந்த கையைப் பார்த்துத் தெரியாத கை பழகவேண்டியவை. கலவையில் தவறினால் பொருள் வீணாகும். கண்ணும் தோலும் மூச்சும் பாதிக்கப்படும். இப்படிப்பட்ட தொழிலில் பயிற்சியும் பாதுகாப்பும் ஒரே பாடம்.

நாடு முழுவதற்குமான ஏற்பாடுகளும் அக்காலத்தில் வளர்ந்தன. 1971 இல் தேசிய தொழில் பயிலுநர் சட்டம் வந்தது. அதன் வழியில் வந்த அமைப்பே இன்றைய தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. 1995 இல் தொழிற்பயிற்சி அதிகாரசபை உருவானது. பின்னர் ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறை வந்தது. ஊரில் அதை என்.வி.கியூ. என்றே சொல்வார்கள்.

போர் இவற்றையெல்லாம் வடக்கில் முறித்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் மூடப்பட்டது. பரந்தன் ஆலை அதற்கும் முன்பே நின்றுவிட்டது. தீவகமே 1990களின் தொடக்கத்தில் பெருமளவு வெறிச்சோடியது. இயந்திரமும் கட்டடமும் போனதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இருபது வருடம் சீமெந்துச் சூளையோடு நின்ற ஒருவர், தன் பக்கத்தில் நிற்கும் புதியவருக்கு எதையும் கையளிக்காமலே இடம்பெயர்ந்த இழப்பைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். பழையவரிடமிருந்து புதியவருக்குப் போகும் அந்தச் சங்கிலி ஒரு தலைமுறை அறுந்தால், மறுபடி கோக்க இன்னொரு தலைமுறை வேண்டும். போருக்குப் பின் வடக்குக்கு வந்த தொழிற்சாலைகள் இந்த வெற்றிடத்தில்தான் கால்வைத்தன.

காமென்ற்ஸ் வாசலில்

இன்று வடக்கில் ஓர் இளம்பெண் தொழிற்சாலைக்குப் போவது என்றால் அது பெரும்பாலும் காமென்ற்ஸ்தான். போர் முடிந்த பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி அறிவியல்நகரில் மாஸ் நிறுவனம் 'விடியல்', 'வானவில்' என்ற பெயர்களில் ஆலைகளை அமைத்தது. அதே அறிவியல்நகரில் 2016 இல் ஜேர்மன் உதவியோடு இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இந்திய உதவியோடு மீளமைக்கப்பட்டது.

ஆடைத் தொழிலில் புதியவருக்குத் தரும் பயிற்சிக்கு ஒரு வழமையான வரிசை உண்டு. முதலில் கண்ணும் கையும் ஒன்றாக இயங்குகின்றனவா என்று சிறு சோதனைகள். பிறகு நூல் கோக்காத ஊசியால், கடதாசியில் வரைந்த கோடுகளின் மேல் தைக்கும் பயிற்சி. நேர்கோடு, வளைவு, மூலை என்று அது போகும். கால்மிதியை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வேகம் என்று பாதம் பழகவேண்டும். பிறகு நூல் கோப்பது, பொபின் மாற்றுவது. பிறகு துண்டுத் துணி. பிறகு கழுத்து, கை, ஓரம் என்று ஏதாவது ஒரு செயல். அந்தச் செயலுக்கு நிமிடக் கணக்கில் அளவு குறித்திருப்பார்கள். அந்த வேகத்தை எட்டினால் லைன் எனப்படும் உற்பத்தி வரிசை.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது பயிற்சி அறையிலிருந்து லைனுக்குப் போகும் நாளில்தான். பயிற்சி அறையில் பிழை விட்டால் பிரித்துத் தைக்கலாம். லைனில் முன்னால் இருப்பவரின் துண்டு வந்து குவியும், பின்னால் இருப்பவர் கை சும்மா காத்திருக்கும், பலகையில் அந்த மணித்தியாலத்து டார்கெட் எழுதியிருக்கும். சுப்பவைசரின் குரல் உயரும். தன் ஒருத்தியால் முழு லைனின் போனஸ் போகிறது என்ற எண்ணம் அந்தப் பிள்ளையை உள்ளுக்குள் அரிக்கும். வேலையை விடும் முடிவு பல வேளை அந்த நேரத்தில் பிறக்கிறது.

தீவகத்துப் பிள்ளைக்கு இதற்கு மேலும் பாரங்கள் உண்டு. புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து கிளிநொச்சிக்கு இன்னும் அறுபது கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளை முதலில் குறிகட்டுவானுக்குப் படகேறவேண்டும். நாளாந்தம் போய்வர வழியில்லை, விடுதியில்தான் தங்கவேண்டும். இயந்திரத்தைப் பழகுவதற்கு முன் தெரியாத அறையில் தெரியாதவர்களோடு உறங்கப் பழகவேண்டும். மேற்பார்வையாளர் சிங்களம் மட்டும் தெரிந்தவராக இருந்தால், சொல்வதில் பாதி விளங்காது, கேட்கவும் கூச்சம். ஆலை இவற்றைத் தன் வேலைக்கு வெளியே உள்ள விடயம் என்று கருதினால், அந்தப் பிள்ளை நிலைப்பது தற்செயலாகவே இருக்கும்.

உலகம் கண்ட உண்மைகள்

புதியவரின் பயம் உற்பத்தியைக் குறைக்கிறது என்பதை முறையாக நிறுவிய முன்னோடி ஆய்வு அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தொழிற்சாலையில் நடந்தது. கோமர்சால், மையர்ஸ் என்ற இருவர் அதன் பெறுபேறுகளை 1966 இல் வெளியிட்டார்கள். வழக்கமான அறிமுகம் இரண்டு மணித்தியாலம்; அதன் பிறகு நேரே வேலை. பரிசோதனைக் குழுவுக்கு முதல் நாள் முழுவதும் வேலை எதுவும் கொடுக்கவில்லை. உட்காரவைத்துப் பேசினார்கள். சொன்னவை நான்கே விடயங்கள். இங்கே சேர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் தேறிவிடுகிறார்கள். பழையவர்கள் விளையாட்டுக்குப் பயமுறுத்துவார்கள், அதை நம்பவேண்டாம். தெரியாததை நீங்களாகவே போய்க் கேளுங்கள், எவரும் குறையாக எண்ணமாட்டார்கள். உங்கள் மேற்பார்வையாளர் இப்படிப்பட்டவர், அவரைத் தெரிந்துகொள்ளுங்கள். விளைவாகப் பயிற்சிக் காலம் பாதியாகக் குறைந்தது, பயிற்சிச் செலவு மூன்றிலொன்றானது, வேலைக்கு வராமல் நிற்பதும் பிந்தி வருவதும் பாதியாயின, கழிவு ஐந்திலொன்றானது. ஒரு நாள் உற்பத்தியை விட்டுக்கொடுத்ததால் கிடைத்த பலன் இது.

கற்றுக்கொடுக்கும் முறைக்கு அடித்தளம் அதற்கும் முன்பே இடப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அனுபவமில்லாத இலட்சக்கணக்கானோரை விரைவில் பழக்க வேண்டிய நிலையில், அமெரிக்கா 1940 முதல் 1945 வரை ஒரு தொழிலகப் பயிற்சித் திட்டத்தை நடத்தியது. சார்ள்ஸ் அலன் முதலாம் உலகப் போர்க் காலத்தில் வகுத்த முறையைத் தழுவி அது நான்கு படிகளைச் சொன்னது: பழகுபவரை ஆயத்தப்படுத்து, செய்து காட்டிச் சொல், அவரைச் செய்யவிடு, பிறகும் போய்ப் பார். பழகுபவர் பழகவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே அத்திட்டத்தின் கொள்கை. போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா போன்ற ஆலைகளின் நடைமுறையில் ஊறியது.

ஆடைத் தொழிலைப் பற்றியே 1948 இல் கொக், பிரெஞ்ச் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெர்ஜீனியாவில் இரவுடை தைத்த ஹார்வுட் ஆலையில், செயல் மாற்றப்பட்ட பழைய தொழிலாளி புதியவரைவிட மெதுவாகவே புது வேகத்தை எட்டினார். பலர் மனமுடைந்து விலகினார்கள். மாற்றத்தைத் தொழிலாளரோடு கலந்து பேசித் தீர்மானித்த குழுக்கள் விரைவில் மீண்டன. நம் ஆலைகளில் ஸ்டைல் மாறும் ஒவ்வொரு முறையும் இந்தப் பாடம் பொருந்தும். பழையவரும் அன்றைக்குப் புதியவரே.

அண்மைக்கால ஆய்வுகளும் இதே திசையில்தான் நிற்கின்றன. எதியோப்பியாவில் பிளாட்மன், டேர்கன் செய்த ஆய்வில், தொழிற்சாலை வேலை கிடைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவர் முதல் மாதத்திலேயே விலகினார்கள். ஒரு வருடத்துக்குள் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டார்கள். பெங்களூர் ஆடைத் தொழிற்சாலைகளில், பேசவும் நேரத்தைத் திட்டமிடவும் பிரச்சினையைத் தீர்க்கவும் பெண் தொழிலாளருக்குப் பயிற்சி கொடுத்த திட்டம், செலவிட்டதைவிடப் பல மடங்கைச் சில மாதங்களில் ஆலைக்குத் திருப்பித் தந்தது. பெண்களின் சம்பளமோ மிகச் சிறிதளவே உயர்ந்தது. பயிற்சி இலாபம் தரும் என்பதற்கும், அந்த இலாபம் தானாகத் தொழிலாளியின் கைக்கு வராது என்பதற்கும் இது ஒரே நேரத்தில் சான்று.

பயிற்சி என்ற பெயரில்

பயிற்சி என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்து உழைப்பைச் சுரண்டிய வரலாறும் நம் மொழி பேசும் நிலத்திலேயே உண்டு. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஏழைக் குடும்பத்து இளம்பெண்களைப் பயிலுநர் என்று சேர்த்தார்கள். பல இடங்களில் மூன்று வருட ஒப்பந்தம். முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாக வாக்கு. இடையில் விலகினால் அந்தப் பணம் கைக்கு வராமல் போகலாம். விடுதியை விட்டு வெளியே போகத் தடை. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ அமைப்பும் அந்நாட்டிலேயே இயங்கும் 'நெதர்லாந்து இந்தியக் குழு'வும் 2011 இல் வெளியிட்ட அறிக்கை இந்த நிலையை உலகுக்குச் சொன்னது. பஞ்சிலிருந்து நூல் வருவதைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பழக மூன்று வருடம் தேவையில்லை. அங்கே பயிலுநர் என்பது குறைந்த கூலிக்கு வைத்த பெயர்.

இலங்கைச் சட்டம் இதில் ஒரு தெளிவான கோட்டைப் போட்டிருக்கிறது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே தொழிலாளியின் பங்கு 8 வீதமும் தொழில்தருநரின் பங்கு 12 வீதமும் செலுத்தப்படவேண்டும். தகுதிகாண் காலம், தற்காலிகம் என்று சொல்லித் தள்ளிப்போட முடியாது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். வேலைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும், வழியனுப்பும் ஒவ்வொரு தாய்க்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

உயிரைக் காக்கும் பாடம்

முதல் நாள் சொல்லவேண்டியவற்றில் வெளியேறும் வழி முதலாவது. பங்களாதேசத்தின் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் 2012 நவம்பரில் தீ மூண்டு நூற்றுப்பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அபாய மணி அடித்தபோது மேற்பார்வையாளர்கள் தொழிலாளரை மீண்டும் இயந்திரங்களுக்கு அனுப்பியதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். மணி அடித்தால் எவர் தடுத்தாலும் வெளியேறும் உரிமை தனக்கு உண்டு என்பதை ஒரு தொழிலாளி முதல் நாளே அறிந்திருக்கவேண்டும். 2018 ஏப்ரலில் ஹொரணையில் ஒரு இறப்பர் ஆலையின் தொட்டியில் அமோனியா தாக்கி ஐந்து பேர் இறந்தார்கள். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அதில் அடங்குவர். வாயு நிறைந்த குழிக்குள் கவசமின்றி இறங்கக்கூடாது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லப்படவேண்டிய பாடம்.

இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டினது. ஆபத்தான இயந்திரத்தில் இளவயதினரை நிறுத்துவதற்கு முன் ஆபத்தையும் முன்னெச்சரிக்கையையும் முழுமையாக விளக்கவேண்டும், போதிய பயிற்சியோ தெரிந்தவரின் மேற்பார்வையோ இருக்கவேண்டும் என்ற கொள்கை அதில் உண்டு. விளக்கம் விளங்கும் மொழியில் இருந்தால்தான் அது விளக்கம். தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது பாதுகாப்புப் பயிற்சி ஆகாது.

நோர்வே மீன் ஆலைகளின் அனுபவம்

நோர்வேக்காரர் காரைநகருக்கு வந்து படகுத்தளம் அமைத்து இருபது வருடங்களில், யாழ்ப்பாணத்தவர் நோர்வேயின் வடகோடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து பின்மார்க் போன்ற பகுதிகளின் மீன் ஆலைகளில் நூற்றுக்கணக்கான தமிழர் வேலை செய்தார்கள். குளிரில், நின்றநிலையில், கூரிய கத்தியால் மீனை முள்ளின்றிச் சீவி எடுக்கும் வேலை. முன்பு வந்த தமிழர் பின்பு வந்தவருக்குத் தமிழிலேயே காட்டிக்கொடுத்தார்கள். வீட்டையும் அவர்களே ஒழுங்கு செய்தார்கள். கடைக்காலத்தின் பழைய முறை பனிநிலத்தில் மறுபடி உயிர்பெற்றது என்று சொல்லலாம்.

அதன் எல்லையையும் சொல்லவேண்டும். சொந்த மொழியில் பழகுவது வேலைக்குள் விரைவாகக் கொண்டுவரும். ஆனால் நாட்டின் மொழியும் அடுத்த படிக்கான தகைமையும் அதோடு சேர்ந்து வராவிட்டால், ஒருவர் பல வருடம் அதே மேசையிலேயே நிற்பார். பலர் பின்னர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்ததற்கு வேறு வேலையும் பிள்ளைகளின் படிப்பும் காரணங்களாயின. நல்ல பயிற்சி இன்றைய வேலைக்கும் நாளைய ஏற்றத்துக்கும் சேர்த்தே கொடுக்கப்படவேண்டும்.

இனிச் செய்யவேண்டியவை

முதலாவது, பயிற்றுவிப்பதைத் தனி வேலையாகக் கணக்கிடவேண்டும். பக்கத்து இயந்திரத்தில் இருப்பவரிடம் "இவளுக்கும் காட்டிக்கொடு" என்று சொல்லிவிட்டு, அவருடைய டார்கெட்டைக் குறைக்காமல் விட்டால், அவர் காட்டிக்கொடுக்கமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. காட்டிக்கொடுப்பவருக்கு நேரமும் மேலதிகக் கொடுப்பனவும் வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி அறைக்கும் லைனுக்கும் இடையில் ஒரு படி வேண்டும். புதியவர்கள் மட்டும் அமரும் சிறு லைனில், டார்கெட் கிழமைக்குக் கிழமை உயரவேண்டும். அந்தக் காலத்தில் அவருடைய வேகம் மற்றவர்களின் போனஸைத் தொடக்கூடாது.

மூன்றாவது, முதல் நாளில் உற்பத்தி எதிர்பார்க்கக்கூடாது. ஆலையைச் சுற்றிக்காட்டி, கழிவறையும் வெளியேறும் வாசலும் மருந்தறையும் எங்கே என்று காட்டி, சம்பளத் துண்டை எப்படி வாசிப்பது என்று சொல்லி, முறைப்பாட்டை யாரிடம் கொண்டுபோவது என்று தமிழில் விளக்கவேண்டும்.

நான்காவது, ஆலையில் பழகியதை என்.வி.கியூ. மட்டத்தோடு இணைக்கவேண்டும். கையில் சான்றிதழ் இருந்தால், திருமணத்துக்காகவோ பெற்றோரைப் பார்க்கவோ ஊர் திரும்பும் பெண், பின்னர் வேறோர் இடத்தில் அடியிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.

ஐந்தாவது, ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. வேலணைப் பிரதேச செயலகமும் சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் ஆட்சேர்ப்பு அறிவித்தலை ஒட்டுவதோடு நிற்காமல், ஏற்கெனவே அந்த ஆலையில் வேலை செய்யும் ஒருவரை அழைத்து, போகவிருக்கும் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசவைக்கலாம். ஓர் ஊரிலிருந்து ஒருவரைத் தனியே அனுப்புவதைவிட நான்கைந்து பேரைச் சேர்த்து அனுப்பலாம். முதல் மாதம் முடிந்ததும் அவர்களை விசாரித்து, விடுதியிலோ லைனிலோ குறை இருந்தால் ஆலையோடும் தொழில் திணைக்களத்தோடும் பேசலாம்.

தீவகம் போன்ற சிறிய சமூகத்தில் ஓர் ஆலையின் பெயர் விளம்பரத்தால் உருவாவதில்லை. மடத்துவெளியிலிருந்து முதலில் போன பிள்ளை நல்லபடி பழகி, மரியாதையோடு நடத்தப்பட்டு, சம்பளத்தோடு கோயில் திருவிழாவுக்கு வந்து நின்றால் அடுத்த வருடம் அவளோடு பலர் போவார்கள். அவள் அழுதுகொண்டு திரும்பினால் அந்த வாசலுக்கு ஊரில் எவரும் போகமாட்டார்கள். அறுந்த தொழிற்சங்கிலியை வடக்கில் மறுபடி கோப்பதற்கு இன்று உழைக்கத் தயாரான இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையை அளப்பதற்கு முன், அவர்களை ஏற்கும் இடங்கள் முதல் மாதத்துக்கு எவ்வளவு நேரமும் பணமும் ஒதுக்குகின்றன என்று தொழில் திணைக்களமும் பிரதேச சபையும் பெற்றோரும் சேர்ந்து கேட்கவேண்டும். விடை திருப்தியாக இல்லாத ஆலைக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுக்கவும் துணியவேண்டும்.